ஃபேமிகாம் காலத்துக் காகிதங்கள்

டோக்கியோவின் டொகுமா ஷோட்டன் பதிப்பகம் 1985 ஜூலையில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின்' என்ற இதழைத் தொடங்கியது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கென்றே வந்த முதல் பத்திரிகை அது. சிறுவர்கள் அதை ஃபேமிமாகா என்று சுருக்கி அழைத்தார்கள். விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் குறுக்குவழிகளை வாசகர்கள் கண்டுபிடித்து எழுதி அனுப்புவார்கள். இதழ் அவற்றை வரிசையாக வெளியிடும். கூடவே ஒரு குறும்பும் உண்டு. அந்த வரிசையில் ஒன்று பொய்யாக இருக்கும்; எது பொய் என்பது பின்னால் வரும் இதழில்தான் வெளிப்படும். 1986 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனத்தின் 'சூய்ஷோ நோ டிராகன்' வந்தது. தோற்றவர் ஆடை களையும் யாக்யூகென் ஆட்டத்தை அதன் நாயகியோடு ஆடலாம் என்று படத்தோடு ஒரு குறிப்பு வெளியாயிற்று. படமும் புனைவு, குறிப்பும் புனைவு. அதை நம்பி இரவெல்லாம் பொத்தானை அழுத்திய தலைமுறை அந்த ஏமாற்றத்தை இன்றும் பேசுகிறது.

நாற்பது ஆண்டு கழித்து அந்த ஓர் இதழ் மட்டும் கையில் கிடைக்கும் ஆய்வாளருக்கு அது பொய் என்று தெரிய வழியில்லை. குட்டு உடைந்த இதழும் அவருக்கு வேண்டும். பழைய ஜப்பானிய வீடியோ கேம் இதழ்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து இணைய ஆவணகங்களில் சேர்ப்பவர்கள், ஒற்றை இதழோடு நிறைவடையாமல் முழு வரிசைக்காக அலைவது இதனால்தான். ஸ்கேன் செய்த பக்கம் எந்த இதழில், எந்த மாதத்தில், எதற்கு முன்னும் பின்னும் வந்தது என்று எழுதிவைத்த பிறகே அது வரலாற்றுச் சான்றாகிறது. ஸ்கேனர் செய்யும் வேலையை எல்லோரும் பார்க்கிறார்கள். பட்டியலிடுபவர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆவணகம் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்த இதழ்களின் கதை விளையாட்டுக் கருவிகளுக்கு முன்பே, கணினி ஆர்வலர்களிடம் தொடங்குகிறது. 1976-இல் 'ஐ-ஓ' என்ற மாத இதழ் வந்தது. அதில் பங்கெடுத்த கசுஹிகோ நிஷி வெளியேறி, நண்பர்களோடு 1977-இல் 'ஆஸ்கி' இதழை நிறுவினார். கடையில் மென்பொருள் வாங்கும் பழக்கம் இன்னும் பரவாத காலம் அது. இதழில் நிரல் அச்சாகி வரும்; வாசகர் அதை வரி வரியாகத் தட்டச்சு செய்து, கேசட்டில் பதிந்துவைத்து விளையாடுவார். என்இசி, ஷார்ப், ஃபுஜிட்சு என்று ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் தனி நிரல் தேவைப்பட்டதால், ஒரே இதழில் பல கருவிகளுக்கான பட்டியல்கள் பக்கம் பக்கமாக நீளும். இயந்திர மொழி நிரல் என்றால் எண்களும் எழுத்துகளும் கலந்த கட்டங்கள்தான். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க வரிசைதோறும் கூட்டுத்தொகை அச்சிட்டிருப்பார்கள்.

இந்த வகையில் சிறுவர்களின் பேரன்பைப் பெற்றது டெம்பா ஷிம்புன்ஷா வெளியிட்ட 'மைகோம் பேசிக் மேகசின்'. முதலில் அது 'மைகோம்' மாத இதழோடு வந்த இணைப்புச் சிறுநூல். 1982-இல் தனி இதழாகி, 2003 வரை நீடித்தது. வாசகர்கள் அனுப்பிய நிரல்கள்தான் அதன் உயிர். பின்னாளில் 'ஆக்ட்ரெய்சர்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' விளையாட்டுகளின் இசையால் உலகப் புகழ் பெற்ற யூசோ கொஷிரோ, மாணவப் பருவத்தில் இந்த இதழுக்குத்தான் இசை நிரல்களை அனுப்பினார். 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் நிரலாளர் கொய்ச்சி நகமுரா பள்ளி நாள்களில் எழுதிய நிரல்கள் 'ஐ-ஓ' இதழில் அச்சாயின. பெரிய படைப்பாளிகள் பலரின் முதல் சுவடு வாசகர் பக்கத்தின் சிறிய எழுத்தில்தான் கிடக்கிறது. முதன்மைக் கட்டுரைகளின் தலைப்புகளை மட்டும் குறிக்கும் பட்டியல் இவர்களைத் தவறவிட்டுவிடும்.

1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஃபேமிகாம் விற்பனைக்கு வந்ததும் களம் மாறியது. 1985 செப்டம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளியானது. ஃபேமிமாகா ஆசிரியர் குழு அதற்கு எழுதிய வழிகாட்டி நூல் அந்த ஆண்டு ஜப்பானின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாவல்களும் அரசியல் நூல்களும் அதற்குப் பின்னால் நின்றன. பதிப்பகங்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆஸ்கியின் கணினி விளையாட்டு இதழான 'லாகின்' தன் பக்கங்களில் நடத்திவந்த 'ஃபேமிகாம் சூஷின்' பகுதி 1986 ஜூனில் தனி இதழாகப் பிரிந்தது. இன்று 'ஃபாமிட்சு' என்று அறியப்படுவது அதுதான். நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து மதிப்பெண் போடும் முறையை அது அந்த ஆண்டே தொடங்கியது. நாற்பதுக்கு நாற்பது வாங்கிய முதல் விளையாட்டு 1998-இல் வந்த 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்'. கடோகவா, ஜேஐசிசி போன்ற பதிப்பகங்களும் 1986-இல் தங்கள் ஃபேமிகாம் இதழ்களோடு இறங்கின. கடைத்தெருவின் ஆர்கேட் விளையாட்டுகளுக்கென ஷின்செய்ஷா 'கேமெஸ்ட்' இதழை அதே ஆண்டு தொடங்கியது.

நிப்பான் சாஃப்ட்பேங்கின் 'பீப்' இவற்றில் தனி ரகம். முதல் இதழ் 1985 ஜனவரி என்ற தேதியோடு 1984 டிசம்பரிலேயே கடைக்கு வந்தது. ஆர்கேட் இசையைப் பதிந்த, தாள் போல வளையும் மெல்லிய இசைத்தட்டை இலவச இணைப்பாகச் சேர்த்துக் கொடுத்தது. அந்த இதழின் பின்வாழ்வைத் தொடர்ந்து பார்த்தால் பட்டியலிடுபவரின் தலைவலி புரியும். 1989-இல் 'பீப்! மெகா டிரைவ்', 1994-இல் 'சேகா சாட்டர்ன் மேகசின்', 1998-இல் 'டிரீம்காஸ்ட் மேகசின்', அப்புறம் 'டோரிமாகா', 'கேமாகா' என்று சேகா நிறுவனத்தின் ஒவ்வொரு கருவிக்கும் ஏற்பப் பெயர் மாறி, 2012-இல் நின்றது. ஃபாமிட்சுவுக்குப் பெயர் ஏறத்தாழ நிலைத்தது, பதிப்பாளர் நிலைக்கவில்லை: ஆஸ்கியிடமிருந்து 2000-இல் என்டர்பிரெய்னுக்கும், 2013-இல் கடோகவாவுக்கும் போனது. ஒரே இதழின் தொடர்ச்சி என்று எங்காவது எழுதிவைக்காவிட்டால், பெயரைத் தேடுபவருக்குக் கிடைப்பது அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை மட்டுமே.

தேதியும் அப்படித்தான். அட்டையில் அச்சாகும் மாதம் வேறு, கடைக்கு வரும் மாதம் வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒரு விளையாட்டின் முதல் செய்தி எப்போது வெளியானது என்ற ஆய்வில் அந்த ஒரு மாத வித்தியாசம் முடிவையே மாற்றிவிடும். ஆண்டும் பல இதழ்களில் பேரரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும். ஷோவா 60 என்றால் 1985. பேரரசர் ஹிரோஹிதோ 1989 ஜனவரி 7 அன்று மறைந்தார். மறுநாள் ஹெய்செய் ஆண்டு பிறந்தது. அதற்கு முன்பே அச்சேறிய இதழ்கள் ஷோவா 64 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கின்றன. அந்த ஆண்டு நடப்பில் இருந்தது ஏழே நாள்.

இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது பின்னட்டையின் கீழே இருக்கும் ஐந்து இலக்க இதழ் எண். ஜப்பானின் விநியோக முறை ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுக்கும் குறியீடு அது. மாத இதழா, வார இதழா என்பதை முதல் இலக்கமே சொல்லிவிடும். ஆனால் சிறப்பிதழ்கள் பலவும் வேறொரு இதழின் கூடுதல் வெளியீடாக, அதன் எண்ணையே இரவல் வாங்கி வரும். எனவே எண், மொத்த வரிசையில் எத்தனையாவது இதழ், விலை, அளவு, பக்கங்கள், எந்தப் பக்கம் காணவில்லை, எந்த இணைப்பு சேர்ந்து வந்தது ஆகியவை அனைத்தும் ஒரு நல்ல பதிவில் இடம்பெறும்.

இணைப்புகள்தான் மிகப் பெரிய இடைவெளி. வழிகாட்டிச் சிறுநூல், ஒட்டுப்படம், நிலவறை வரைபடம், இசைத்தட்டு, ஃப்ளாப்பி வட்டு என்று இதழோடு வந்தவை அனைத்தும் வாங்கிய அன்றே பிரிந்து போயின. வரைபடம் சுவரில் ஒட்டப்பட்டது, சிறுநூல் பள்ளிப் பையில் கிழிந்தது. விமர்சன அஞ்சலட்டையை வெட்டி நிரப்பி அனுப்பினார்கள். 'சேகா சாட்டர்ன் மேகசின்' வாசகர்கள் அஞ்சலட்டையில் போட்ட மதிப்பெண்களால் எல்லா விளையாட்டுகளையும் தரவரிசைப்படுத்தியது. 1996-இல் வந்த 'டெத் கிரிம்சன்' அந்த வரிசையின் அடிமட்டத்தில் கிடந்து, அதனாலேயே பெயர் பெற்றது. அந்த வாக்குகள் வந்த அஞ்சலட்டை இருந்த இடத்தில், இன்று கிடைக்கும் பிரதிகளில் கத்தரித்த ஓட்டைதான் இருக்கிறது.

இதழ்கள் அழிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் விற்காத பத்திரிகைகளைக் கடைக்காரர் விநியோகஸ்தர் வழியாகப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்புவார். அவை கூழாக்கப்படும். விற்றவை வீட்டில் சில காலம் குவியும். பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தபடி தெருவில் வரும் பழைய காகித வண்டிக்குப் போகும். கட்டுக்கு ஈடாகக் கழிப்பறைத் தாள் கொடுப்பார்கள். சிறிய வீடுகளில் விளையாட்டுப் பத்திரிகையைச் சேர்த்துவைக்க இடமும் இல்லை, அதற்கான காரணமும் யாருக்கும் தோன்றவில்லை.

நூலகங்கள் என்ன செய்தன? ஜப்பானின் தேசிய டயட் நூலகத்துக்கு ஒவ்வொரு வெளியீட்டின் பிரதியையும் ஒப்படைக்க 1948-இன் சட்டம் சொல்கிறது. ஆனாலும் விடுபட்டவை உண்டு, பிரிந்துபோன இணைப்புகள் உண்டு. பத்திரிகைகளைத் தூக்கி எறியக்கூடாது என்று முன்பே உணர்ந்தவர் இதழாளர் ஓயா சொய்ச்சி. சினிமா, வதந்தி, குற்றச் செய்தி என்று மதிப்பற்றதாகக் கருதப்பட்ட இதழ்களையே அவர் சேர்த்தார். பொருள்வாரியாகவும் ஆள்வாரியாகவும் கட்டுரைகளுக்குத் தனி அட்டவணை உருவாக்கினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1971-இல், அந்தச் சேகரம் டோக்கியோவின் செத்தகயாவில் பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. விளையாட்டுத் துறைக்கு இதே உணர்வு கொஞ்சம் தாமதமாக வந்தது. கியோட்டோவின் ரித்சுமெய்கான் பல்கலைக்கழகம் 1998-இல் விளையாட்டு ஆவணத் திட்டத்தைத் தொடங்கியது. பிரான்சிலிருந்து வந்து டோக்கியோவில் குடியேறிய ஜோசப் ரெடான் 2011-இல் விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி, 1980-களின் கணினி விளையாட்டு வட்டுகளையும் இதழ்களையும் காக்கும் பணியில் இறங்கினார்.

ஆனாலும் இணையத்தில் இன்று பார்க்கக் கிடைக்கும் பக்கங்களில் பெரும்பகுதி ஆர்வலர்களின் உழைப்பு. யாஹூ ஏலத்திலும் பழைய புத்தகக் கடைகளிலும் கட்டுக்கட்டாக வாங்கி, வெளிநாட்டுக்காரர் என்றால் இடைத்தரகு நிறுவனம் வழியாகக் கப்பலில் தருவித்து, பிறகு மேசையில் அமர்கிறார்கள்.

முதல் கேள்வி, இதழைப் பிரிப்பதா வேண்டாமா என்பது. நடுவில் கம்பி அடித்த இதழ் என்றால் கம்பியை நெம்பி எடுத்துத் தாள்களை விரித்துவிடலாம். முதுகில் பசை போட்டு ஒட்டியது என்றால் சூடேற்றிப் பசையை இளக்கி ஒவ்வொரு தாளாக உரிக்க வேண்டும், அல்லது வெட்டும் இயந்திரத்தில் முதுகை அறுக்க வேண்டும். அறுத்தால் சில மில்லிமீட்டர் போய்விடும். இரண்டு பக்கம் விரிந்த வரைபடத்தில் அந்தக் கீற்றில் ஒரு படிக்கட்டோ கதவோ இருந்திருக்கலாம். ஃபேமிகாம் கால வரைபடங்கள், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து, நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி ஒட்டி ஆசிரியர் குழு உருவாக்கியவை. இருட்டறையில் கேமராவை நிறுத்தி, திரை முழுவதும் ஒருமுறை வரையப்படும் அளவுக்கு நிதானமான ஷட்டர் வேகத்தில் எடுத்த படங்கள் அவை. அந்தக் கைவேலையை அறுத்துச் சேதப்படுத்த மனம் வராதவர்கள் உரிக்கும் வழியைத் தேர்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் அச்சுப்புள்ளிகள். வண்ணப்படம் என்று கண்ணுக்குத் தெரிவது நான்கு மைகளின் நுண்புள்ளிகள். ஓர் அங்குலத்தில் 150 முதல் 175 வரிசை இருக்கும். ஸ்கேனரின் கட்டமும் இந்தப் புள்ளிக் கட்டமும் மோதினால் படத்தில் அலை அலையாகக் கோடுகள் தோன்றும். எனவே அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் எடுத்து, மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படிப்பதற்கான பிரதியில் மட்டும் மென்பொருளால் புள்ளிகளைக் கரைக்கிறார்கள். ஜப்பானில் பரவலான பி5 அளவுப் பக்கம் ஒன்று, சுருக்காமல் வைத்தால், சுமார் 78 மெகாபைட். 200 பக்க இதழ் 15 ஜிகாபைட்டைத் தாண்டும். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாமலிருக்கக் கறுப்பு அட்டையைப் பின்னால் வைக்கிறார்கள். பழுப்பேறிய தாளின் நிறத்தையும் மூலக் கோப்பில் திருத்துவதில்லை.

மூன்றாவது, எழுத்தைத் தேடத்தக்கதாக்குவது. செங்குத்து வரிகள், படத்தின் மேல் ஏறிய எழுத்து, கையால் வரைந்த தலைப்பு என்று பக்கம் முழுவதும் இரைச்சலாக இருக்கும். டயட் நூலகம் 2022-இல் ஜப்பானிய எழுத்துணரி மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது பெரிய உதவி. ஆனால் நிரல் பட்டியல்களில் சுழியமும் 'ஓ' எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில் மனிதக் கண்தான் வேண்டும். அன்று சிறுவர்களுக்காக அச்சிட்ட கூட்டுத்தொகைகள் இன்று எழுத்துணரியின் பிழையைப் பிடிக்கவும் பயன்படுகின்றன.

பிழைகளையும் காப்பாற்ற வேண்டும் என்பது இந்த வேலையின் அறம். கேமெஸ்ட் கையெழுத்துப் படியிலிருந்து அச்சுக்கோத்த காலத்தில், 'ஸ்கட் ரேஸ்' கார் விளையாட்டுக்கான குறிப்பில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பச் சொன்ன வரி 'இந்தியரை வலப்பக்கம்' என்று அச்சாகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் இரண்டு சொல்லும் கிறுக்கலாக எழுதினால் ஒன்றுபோல இருக்கும். ஆர்கேட் ரசிகர்களிடம் அது நிலையான கேலிச்சொல் ஆயிற்று. நேரக்கெடுவில் பறந்த ஒரு ஆசிரியர் அறையின் இயல்பை அந்த ஒரு வரி காட்டுகிறது. திருத்திப் பதிந்தால் அந்தத் தடயம் போய்விடும்.

விளம்பரங்களையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். அறிவித்து, படம் காட்டி, கடைசியில் வராமலே போன விளையாட்டுகளுக்கு இதழ்ப் பக்கங்களே பெரிய சாட்சி. நின்டெண்டோ 64 கருவிக்காக உருவாகி 2000-இல் கைவிடப்பட்ட 'மதர் 3' பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அன்றைய பத்திரிகைப் படங்களிலிருந்து வருகிறது. 2006-இல் கேம் பாய் அட்வான்ஸில் வெளியானது புதிதாகச் செய்த வடிவம்.

இவ்வளவுக்கும் மேல் சட்டம் நிற்கிறது. ஜப்பானில் தன் புத்தகத்தைத் தானே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதற்கு ஜிசுய் என்று பெயர். தனிப் பயனுக்கு அது அனுமதிக்கப்பட்டது. கூலிக்கு அதைச் செய்து கொடுத்த நிறுவனங்கள்மீது எழுத்தாளர்கள் ஹிகாஷினோ கெய்கோ, அசடா ஜிரோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், அது உரிமை மீறல் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. நிறுவனப் பெயரில் வந்த படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு பாதுகாப்பு. 1985-இன் இதழ் 2055 முடியும்வரை பொதுவுடைமை ஆகாது; பெயர் போட்டு எழுதிய கட்டுரைக்கு இன்னும் நீளும். ஷின்செய்ஷா 1999-இல் திவாலாகி கேமெஸ்ட் நின்றுபோனது. அதன் பக்கங்களுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதே எளிதில் விடை கிடைக்காத கேள்வி. அமெரிக்காவிலும் இதே இழுபறிதான்: 'நின்டெண்டோ பவர்' இதழ்கள் 2016-இல் இன்டர்நெட் ஆர்கைவில் ஏறின, நிறுவனத்தின் எதிர்ப்பால் சில வாரங்களில் இறங்கின. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் சிஃபால்டி 2017-இல் நிறுவிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், 2025 ஜனவரியில் அச்சில் இல்லாத 1,500-க்கு மேற்பட்ட விளையாட்டு இதழ்களைச் சொல் தேடும் வசதியோடு திறந்துவிட்டது.

இன்னொரு கவனமும் தேவை. அன்றைய இதழ்கள் பேனா நண்பர் பகுதியில் சிறுவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டன. அவர்கள் இன்று நடுவயதில் இருக்கும் தனிமனிதர்கள். எழுத்துணரி அந்த முகவரிகளையும் தேடத்தக்கதாக்கிவிடும் என்பதால், மூலத்தைக் காத்து, பொதுப் பிரதியில் அவற்றை மறைப்பதே பொறுப்பான வழி.

அனுமதியோடு செய்ய முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. மசுமி அககி 1974-இல் ஒசாகாவில் தொடங்கிய 'கேம் மெஷின்' என்ற ஆர்கேட் தொழில்துறைச் செய்தித்தாள், வெளியீட்டாளரின் இசைவோடு ஸ்கேனாகி இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. ஆர்கேட் வரலாறு எழுதும் எவரும் இன்று அதைப் புரட்டாமல் எழுதுவதில்லை. டொகுமா, கடோகவா, டெம்பா போன்ற பதிப்பகங்களும் இந்த வழியில் ஓர் அடி எடுத்துவைக்கலாம். முழு இதழ்களையும் திறக்கத் தயக்கம் இருந்தால், எந்த இதழ் எந்த நாளில் வந்தது, அதோடு எந்த இணைப்புகள் போயின என்ற விவரத்தையாவது வெளியிடட்டும். எந்தச் சிறுநூல் எந்த மாதத்துக்கு உரியது என்று பழைய ஏலப் படங்களை வைத்து ஊகித்துக்கொண்டிருக்கும் பட்டியல்காரர்கள் அந்த நேரத்தில் அமிலம் தின்னும் தாள்களை ஸ்கேன் செய்துவிடுவார்கள்.